கேள்வி நேரம்: டச் ஸ்க்ரீனும் பிஎல்சியும்

கேள்வி: சாய மெஷினின் டச் ஸ்க்ரீனை ஆர்எஸ்-485 கேபிளில், மோட்பஸ் ஆர்டியு என்ற தகவல் பரிமாற்ற முறையில், மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியோடு இணைத்திருக்கிறோம். வெப்பநிலை மாறி ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துத்தான் திரையில் தெரிகிறது. பிஎல்சி தாமதமாக அனுப்புகிறதா?

பதில்: பிஎல்சி தானாக எதையும் அனுப்புவதில்லை. இந்த இணைப்பில் திரைதான் மாஸ்டர். அது கேட்டால்தான் பிஎல்சி வாய் திறக்கும். எனவே தாமதத்தை முதலில் திரையின் ப்ரோக்ராமில் தேடுங்கள்.

வேகம் 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்), பிழை கண்டறியும் பேரிட்டி பிட் ஈவன் என்றால் ஒரு பைட்டுக்கு 11 பிட். 8 பைட் கேள்வி போய்ச் சேர 9 மில்லி விநாடி, ஒரு ரெஜிஸ்டருக்கான (பிஎல்சியில் 16 பிட் மதிப்பு ஒன்றை வைக்கும் இடம்) 7 பைட் பதில் வர 8 மில்லி விநாடி. ஃப்ரேம்களுக்கு (ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு பதிலும் ஒரு ஃப்ரேம்) நடுவே விடும் இடைவெளியும், பிஎல்சி தன் ப்ரோக்ராமை ஒருமுறை ஓட்டி முடிக்கும் ஸ்கேன் நேரமும் சேர்ந்தால் 30 மில்லி விநாடியைத் தொடும். உங்கள் திரையில் உள்ள 30 மதிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய ரெஜிஸ்டர்களில் இருந்தால், 30 கேள்விகள், 900 மில்லி விநாடி. அதே 30-ஐ பிஎல்சியில் அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களுக்கு நகர்த்திவிட்டால் ஒரே கேள்வியில் வந்துவிடும். 100 மில்லி விநாடி போதும். ஒரு கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம். பாட் ரேட்டை ஏற்றுவதைவிட இதில்தான் பலன் அதிகம்.

அதே கேபிளில் அணைத்துவைத்த டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிலுக்குக் காத்திருக்கும் டைம் அவுட் 1 விநாடி, மறுபடி கேட்கும் ரீட்ரை 3 என்று வைத்திருந்தால், பதில் வராத அந்த ஒன்றுக்காகத் திரை 4 விநாடி காத்துக் கிடக்கும்.

கேள்வி: மீட்டர் கவுன்ட் 1 ஆக இருக்கும்போது திரை 65536 காட்டுகிறது. ஏன்?

பதில்: 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டர்களில் இருக்கிறது, திரை அவற்றை முன்பின்னாக மாற்றிப் படிக்கிறது. திரையில் அந்த மதிப்புக்கான டேக் செட்டிங்கில், இரு பாதிகளை இடம் மாற்றும் வேர்டு ஸ்வாப்பை மாற்றினால் சரியாகும். பக்கத்து ரெஜிஸ்டரின் மதிப்பு வந்தால் அது வேறு கோளாறு: மேனுவலில் 40001 என்று இருக்கும் முதல் ரெஜிஸ்டர் கேபிளில் 0 என்றே போகும். சில திரைகள் அந்த 1-ஐத் தாமே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது.

கேள்வி: பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ‘கம்யூனிகேஷன் எரர்’ வருகிறது.

பதில்: மின் இரைச்சலில் ஒரு பிட் புரண்டாலும், ஃப்ரேமின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி பொருந்தாது, பிஎல்சி அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். பவரை அணைத்து, ஏ, பி வயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய 60 ஓம்ஸ் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள். கேபிளைச் சுற்றிய உலோக உறையான ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவின் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் இதை ஓட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

எரர் விட்டுவிட்டு வராமல் நிரந்தரமாக நின்றால், பிஎல்சி போர்ட்டின் விளக்குகளைக் கவனியுங்கள். ஆர்எக்ஸ் (வாங்குவது) மட்டும் மின்னி டிஎக்ஸ் (அனுப்புவது) மின்னாவிட்டால், கேள்வி வருகிறது, பிஎல்சிக்குப் புரியவில்லை. ஸ்டேஷன் ஐடி (பிஎல்சியின் முகவரி எண்), பாட், பேரிட்டி மூன்றும் திரையிலும் பிஎல்சியிலும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பிறகு ஏ, பி வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு.