வாசகர் கேள்வி–பதில்: டாக்டர் படிப்பும் வீட்டு வரவுசெலவும்

மகளுக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைத்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 30,000 வெள்ளி அளவுக்கு வருகிறது. என் சம்பளம் மட்டும்தான், மாதம் 4,500. என் அம்மாவையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். துணிந்து இறங்கலாமா?
– வாசகர், அங் மோ கியோ

தாராளமாக. நீங்கள் பார்த்தது கல்வி அமைச்சின் மானியம் கழிந்த தொகை. அதிலும் உதவிநிதி கழியும். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 5,000 வெள்ளிக்கு மேல் கட்ட வேண்டியிராது என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். அந்த அடுக்கில் நீங்கள் வருகிறீர்களா என்பதைத் தலைக்கு வரும் வருமானம் தீர்மானிக்கும். இவ்வாண்டு வரம்பைப் பல்கலைக்கழக நிதியுதவிப் பக்கத்தில் பாருங்கள்.

விண்ணப்பங்கள் இந்தக் கணக்கில்தான் சறுக்குகின்றன. 4,500-ஐ ஐந்தால் வகுத்தால் 900. 'அம்மாவுக்கு வருமானம் இல்லையே' என்று அவர் பெயரை விட்டுவிட்டால் 1,125 ஆகி, மேல் அடுக்குக்குப் போகக்கூடும். உங்களுடன் ஒரே முகவரியில் இருக்கும் பாட்டியும் கணக்கில் உண்டு. இன்னொன்று, கைக்கு வரும் சம்பளத்தை எழுதாதீர்கள். மத்திய சேம நிதிக்குப் பிடிப்பதற்கு முந்திய மொத்தச் சம்பளத்தைத்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் இழுபடும்.

மிச்சத்துக்குக் கடன். நம் வீடுகளில் பெற்றோர் முதலில் கை வைப்பது தங்கள் சேம நிதியில். அது பின்வரிசையில் இருக்கட்டும். கல்விக் கட்டணக் கடன், மானியம் போன கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது, படிப்பு முடிந்த பிறகே வட்டி ஓடும். சேம நிதிக் கல்வித் திட்டத்தில் பணம் எடுத்த நாள் முதலே வட்டி. முதலாண்டில் சாதாரணக் கணக்கிலிருந்து 10,000 வெள்ளி எடுத்தால், 2.5 விழுக்காட்டில் ஐந்தாண்டு முடிவில் சுமார் 11,300 நிற்கும். அதை மகள் ரொக்கமாக உங்கள் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் வீட்டுக்குள்தான் திரும்புகிறது, சரி. ஆனால் வீட்டுக் கடன் தவணையும் அதே கணக்கிலிருந்து போகிறதென்றால், இடையில் இருப்பு வற்றிப்போகும்.

கட்டணக் கடனுக்குப் பிணையாளர் வேண்டும், வயது 21 முதல் 60-க்குள். உங்களுக்கு அறுபது தாண்டியிருந்தால் தாய்மாமனிடம் இப்போதே பேசிவையுங்கள். கட்டணக் கெடு நெருங்கியபின் ஆள் தேடுவது பெரும்பாடு. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதிக்கும் தனியாக விண்ணப்பியுங்கள்.

மானியத்துக்குக் கைம்மாறாக, பட்டம் பெற்றபின் குடிமக்கள் 5 ஆண்டுகள் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்ற வேண்டும். சம்பளத்தோடுதான்! முறித்தால் கட்ட வேண்டிய இழப்பீடு அந்தப் பணி ஒப்பந்தத்துக்குப் பிணை நிற்பவர் தலையிலும் விழும் என்பதைக் கையெழுத்துக்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மகன் அமெரிக்காவில் பிசியோதெரபி 'டாக்டர்' பட்டம் படிக்க ஆசைப்படுகிறான். அங்கே கடன் கிடைக்குமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

அமெரிக்க மத்திய அரசின் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. அங்கேயே குடியுரிமை உள்ளவர்களுக்கும் இப்போது நெருக்கடிதான். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் முழுச் செலவுக்கும் கைகொடுத்த 'கிராட் பிளஸ்' கடன் புதியவர்களுக்கு இல்லை. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு மொத்தம் 2,00,000 டாலர், மற்ற மேற்படிப்புக்கு 1,00,000 டாலர் என்று உச்சவரம்பு.

அதைவிட முக்கியம்: சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்ட்டாகப் பதிவு பெற இளநிலைப் பட்டமே போதும். அமெரிக்கப் பட்டம் இளநிலை முடித்தபின் இன்னும் மூன்றாண்டு. மகன் இங்கே வேலை பார்க்கப் போகிறான் என்றால், அந்தச் செலவு பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல்லுக்குத்தான்.

கட்டணத்தையே எடுத்துவிட்டால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் டாக்டராகலாமே?
– வாசகர், தெம்பனிஸ்

நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-இல் மருத்துவக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. விண்ணப்பங்கள் குவிந்தன, வறிய வீட்டு மாணவர் பங்கு எதிர்பார்த்தபடி உயரவில்லை. இலவசம் என்றால் போட்டி கூடும், போட்டி கூடினால் முன்கூட்டியே தயாரானவர்கள் முந்துவார்கள். 2023-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்றது. அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரிகளில் நுழைந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை 11.6 விழுக்காடு சரிந்தது. அதற்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை.

இங்கும் தடைகள் கட்டணத்துக்கு முன்பே வருகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி, மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான 'யூகேட்' மதிப்பெண் கேட்கிறது. ஏ-லெவல் முடிவு பிப்ரவரி வாக்கில் வருகிறது. யூகேட்டோ அதற்கு முந்திய ஜூலை முதல் செப்டம்பருக்குள் எழுதியாக வேண்டியது. தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் வீட்டில் யாரும் சொல்லித்தராத பிள்ளை, நான்கு ஏ வாங்கிவிட்டு ஓராண்டு காத்திருக்கிறது. பயிற்சித் தேர்வுகள் யூகேட் இணையத்தளத்திலேயே இலவசம். முன்பதிவு மட்டும் பரபரப்புக்கு முன் செய்துவிட வேண்டும்.