ஆய்வேட்டில் மேற்கோள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாடலடியைக் கொடுத்துவிட்டு 'இவ்வடிகள் தலைவனின் அன்பைக் காட்டுகின்றன' என்று எழுதினேன். விளக்கம் போதாது என்று நெறியாளர் திருப்பிவிட்டார். வேறு என்ன எழுதுவது?

பதில்: குறுந்தொகை 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். முதலில் சூழலைச் சொல்லுங்கள்: 'தலைவன் பிரிந்துவிடுவானோ என அஞ்சும் தலைவியிடம் அவன் கூறுகிறான்.' பிறகு அடிகள்:

செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே (குறுந். 40:4-5)

அடுத்து வருவதுதான் உங்கள் வேலை. அன்பு என்பது பாடலிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வது விளக்கமாகாது. ஒரு சொல்லைப் பிடியுங்கள். 'தாம்' ஏன்? என் தாயும் உன் தாயும் யார், நம் தந்தையர் எவ்வகையில் உறவினர், நாமிருவரும் எப்படி அறிந்தோம் என்று முதல் மூன்று அடிகளும் கேட்கின்றன. உறவோ பழக்கமோ சேர்த்துவைக்கவில்லை, நெஞ்சங்கள் தாமே கலந்தன. செம்மண்ணில் விழுந்த மழைநீரிலிருந்து அந்த நிறத்தைப் பிரித்தெடுக்க முடியாது. அவளுடைய பிரிவச்சத்துக்கு அதுவே பதில். மேற்கோளை நீக்கினாலும் உங்கள் விளக்கம் அப்படியே நிற்குமானால், அது அந்த மேற்கோளுக்கான விளக்கம் அல்ல.

கேள்வி: இணையத்தில் 'பெயனீர்', 'பெயல்நீர்' இரண்டும் இருக்கின்றன. எது சரி சார்?

பதில்: இரண்டும் சரிதான். முன்னது புணர்ந்த வடிவம், பின்னது சந்தி பிரித்தது. ஓர் அச்சுப் பதிப்பைத் தேர்ந்து, ஆய்வேடு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். நகலெடுத்து ஒட்டினால் ஒரே பாடல் இரண்டாம் இயலில் ஒரு வடிவிலும் நான்காம் இயலில் வேறு வடிவிலும் வந்து நிற்கும். தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

கேள்வி: மேற்கோள் எவ்வளவு நீண்டால் தனிப்பத்தி?

பதில்: ஆய்வெழுத்துக்கான நடைமுறைகளுள் எம்.எல்.ஏ. (MLA) முறையில் செய்யுள் மூன்று அடிக்கு மேல், உரைநடை நான்கு வரிக்கு மேல். இன்னொரு முறையான ஏ.பி.ஏ.வில் (APA) 40 சொல்லும் அதற்கு மேலும். இடப்பக்கம் அரை அங்குலம் உள்தள்ளுங்கள். மேற்கோள் குறி வேண்டாம். பத்திக்குள்ளேயே செய்யுள் வந்தால் அடிகளுக்கிடையே சாய்கோடு போடுங்கள்.

கேள்வி: தொல்காப்பியத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையை வேறொரு ஆய்வுநூலில்தான் படித்தேன். நேரடியாக உரையையே காட்டலாமா?

பதில்: கூடாது. கண்ட நூலைக் காட்டி, 'எடுத்தாளப்பட்டது' என்று குறிப்பிடுங்கள். அந்நூலில் நூற்பா எண் தவறியிருந்தால், பார்க்காமலே அந்தத் தவற்றை உங்கள் பெயரில் ஏற்றுக்கொள்வீர்கள். உரை அச்சில் கிடைக்கும்போது ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவதே நல்லது.

கேள்வி: முந்தைய குறிப்பில் காட்டிய அதே நூல் என்பதற்கு அடிக்குறிப்பில் 'மேலது' போடலாமா?

பதில்: போடலாம், கடைசித் திருத்தத்தில் மட்டும். இடையில் புதிய அடிக்குறிப்பு ஒன்று நுழைந்தால் 'மேலது' வேறு நூலைச் சுட்டிவிடும். அதுவரை சுருக்கப் பெயரும் பக்க எண்ணும் எழுதிவையுங்கள்.