ட்யூப் எத்தனை நாளில் தீர்கிறது?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 43. தையல் கடை வைத்திருக்கிறேன். 6 வருடமாக முழங்கை, முழங்கால், இடுப்பில் சொரியாசிஸ். கறுப்புத் துணி தைக்கும்போது செதில் உதிர்ந்து மாவு சிந்தியது போல் கிடக்கிறது. வாடிக்கையாளர் பார்ப்பதற்குள் தட்டிவிடுகிறேன். ஆயின்ட்மென்ட் போட்டால் குறைகிறது, விட்டால் திரும்பி வருகிறது. போன வருடம் ஒருவர் போட்ட ஊசியில் பத்தே நாளில் மறைந்தது. அடுத்த மாதமே முதுகெல்லாம் பரவிவிட்டது. இந்த மருந்துகளால் உண்மையிலேயே பயன் உண்டா? ‘அடியோடு குணம்’ என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போகலாமா?
— பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: அந்த மாவை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். என் அப்பாவுக்கும் சொரியாசிஸ். அவர் எழுந்ததும் அம்மா முதல் வேலையாகப் பாயை வாசலில் உதறுவார்.

மருந்துகளால் நிச்சயம் பயன் உண்டு. ஆனால் இதை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை எந்த வைத்தியத்திலும் இல்லை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து உதிர வேண்டிய தோல், இந்த நோயில் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகிறது. அந்த வேகத்தை மருந்து அடக்கி வைக்கும். சர்க்கரை, பிரஷர் மாதிரிதான். விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆயின்ட்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். 15 கிராம் ட்யூப் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது? என்னிடம் வருபவர்கள் பலர் ‘மூணு மாசம்’ என்பார்கள். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குத்தான் போதும். உங்கள் படை எட்டு உள்ளங்கை அகலம் என்றால் ஒரு தடவைக்கு 2 கிராம் வேண்டும். ட்யூப் ஒரு வாரத்தில் தீர வேண்டும். பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது நியாயமில்லை. வீரியமான ஸ்டீராய்டு ஆயின்ட்மென்டை இரண்டு முதல் நான்கு வாரம் போட்டு, பிறகு வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாட்களில் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பைப் போடச் சொல்வேன். சட்டென்று விடுவதால்தான் பலருக்கும் திரும்பி வருகிறது.

உங்களுக்குப் போட்ட ஊசி ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம். சீட்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்து நிறுத்தினால் இப்படித்தான் பொங்கி வரும். சிலருக்கு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளமாகி உயிருக்கே ஆபத்தாகும். இனி யார் சொன்னாலும் வேண்டாம்.

முதுகுவரை பரவிவிட்டதால் களிம்பு மட்டும் போதாது. வாரம் மூன்று நாள் புறஊதாக் கதிர் சிகிச்சை, 20, 30 தடவையில் பலருக்கு நன்றாகத் தெளிகிறது. கடையை விட்டு அவ்வளவு தடவை வர முடியாதென்றால் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், நான் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். எனக்கு அதில் பெருமை உண்டு. நாலு மாதத்தில் பத்தில் ஏறக்குறைய நாலு பேருக்குப் படை முக்கால்வாசி குறையும். ஆனால் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்துவிடும். நான் சீட்டில் ‘ஞாயிறு மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதி, நோயாளியை வாய்விட்டுப் படிக்க வைக்கிறேன். மது கூடவே கூடாது. ஈரல், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

செகுகினுமாப் போன்ற, ஸ்டீராய்டு அல்லாத புது ஊசிகள் இன்னும் பலமாக வேலை செய்கின்றன. விலைதான் கட்டுப்படியாகாது, காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம்.

காலையில் விரல் மூட்டு விறைத்துக்கொண்டு கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லையென்றால் உடனே சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் அரிக்கும். இது தொற்றுநோய் அல்ல. துணி வழியாக யாருக்கும் ஒட்டாது, வாடிக்கையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். பழைய சீட்டுகளோடு, பாதி மிச்சமிருக்கும் அந்த ட்யூப்பையும் எடுத்துப் போங்கள்.