நம்பர் வரவில்லையா, பிளேட் வரவில்லையா?

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதும். அடுத்த மாதமே எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே பாட்டாக இருக்கும்: "வண்டி வந்துவிட்டது, நம்பர் பிளேட் வரவில்லை." அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

ஐயா, ஸ்கூட்டர் எடுத்து 38 நாள் ஆகிறது. ஷோரூமில் கேட்டால் "ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெண்டிங்" என்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால் "ஷோரூமில் கேளுங்க" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? (தஞ்சாவூர்)

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் தம்பி. முதலில் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: உங்களுக்கு நம்பர் வரவில்லையா, பிளேட் வரவில்லையா? இரண்டும் ஒன்றல்ல. நம்பர் ஒதுக்குவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். பிளேட் மாட்டித் தருவது ஷோரூம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் எல்லா வண்டிக்கும் உயர் பாதுகாப்புத் தகட்டை வண்டிக் கம்பெனியே டீலருக்குக் கொடுக்க வேண்டும்; டீலர் அதில் நம்பரைப் பதித்து வண்டியில் பூட்ட வேண்டும். பிளேட் வேலையில் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பங்கே கிடையாது.

வரிசை இப்படிப் போகும். ஷோரூமில் உங்கள் ஆதார், முகவரி, சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், இன்சூரன்ஸ் விவரங்களை அரசின் வண்டிப் பதிவு மென்பொருளான 'வாஹன்'-இல் ஏற்றுவார்கள். ரோடு டாக்ஸும் பதிவுக் கட்டணமும் கட்டுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சரிபார்த்து நம்பர் விழும். அந்த நம்பரை வைத்துத் தகட்டுக்கு ஆர்டர் போட வேண்டும். தகடு வந்ததும் உங்களைக் கூப்பிட்டு மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு தகட்டில் லேசரில் பொறித்திருக்கும் குறியீட்டைத் திரும்பவும் வாஹனில் ஏற்ற வேண்டும். இதில் நடுவில் ஒரே ஒரு கட்டம்தான் அரசாங்கத்துடையது. மற்றதெல்லாம் ஷோரூம் மேஜையில் நடப்பவை.

ஆகவே ஷோரூமில் "எப்போ வரும்?" என்று கேட்காதீர்கள். "விண்ணப்ப எண் என்ன?" என்று கேளுங்கள். அந்த எண்ணைப் போட்டால் அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் உங்கள் கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணையே தராமல் மழுப்பினால், விண்ணப்பமே இன்னும் போகவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பல நாள் ஷோரூம்கள் பத்து இருபது வண்டி சேரட்டும் என்று காத்திருந்து மொத்தமாக அனுப்புவதுண்டு. சில சமயம் சேஸிஸ் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஆதாரில் ஒரு முகவரியும் பைனான்ஸ் காகிதத்தில் இன்னொரு முகவரியும் இருக்கும். கோப்பு திரும்பி வந்து கிடக்கும். யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் சொந்தக் கதையும் உண்டு. மூன்று வருடம் முன்பு நான் ஸ்கூட்டர் எடுத்தபோது எட்டாம் நாளே நம்பர் குறுஞ்செய்தியில் வந்துவிட்டது. பிளேட் மட்டும் ஐந்து வாரம் வரவில்லை. போகும்போதெல்லாம் "ஆர்.டி.ஓ. ஆபீஸில் லேட் சார்" என்றார்கள். விஷயம் தெரிந்த என்னிடமே இந்தக் கதை! கடைசியில் பார்த்தால் தகடு எப்போதோ வந்திருக்கிறது. 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. திருப்பி அனுப்பி மறு ஆர்டர் போட யாருக்கும் ஞாபகமில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாநிலத்து டீலரிடம் வாங்கும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பம் போட வேண்டியது டீலரேதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு அது எழுத்தில் இருக்கிறது. பதிவெண்ணை வண்டியில் மாட்டும்வரை வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கவே கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது, உங்களுக்கு 38 நாள் முன்பு சாவி கொடுத்ததே தப்பு. ஆனால் நாமும் நல்ல நாள், நல்ல நேரம் என்று அவசரப்படுகிறோம். முழுப் பணமும் கட்டி, மாலை போட்டு, பெரிய அட்டைச் சாவியோடு போட்டோவும் எடுத்துக்கொண்ட பிறகு ஷோரூமுக்கு என்ன அவசரம் இருக்கப்போகிறது?

"ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்" ஸ்டிக்கரோடு போனேன். டிராபிக் போலீஸ் பிடித்து அபராதம் போட்டுவிட்டார். புது வண்டிக்கு ஒரு மாதம் சலுகை உண்டுதானே? (திருப்பூர்)

அப்படி ஒரு சலுகை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. பதிவு செய்து, பதிவெண்ணை விதிப்படி மாட்டியிருந்தால்தான் வண்டியை ரோட்டில் ஓட்டலாம் என்கிறது 39ஆம் பிரிவு. மீறினால் முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவை 10,000 வரை போகும், சிறைக்கும் இடமிருக்கிறது.

நிரந்தர நம்பர் வரும்வரை ஓட்டுவதற்கான தற்காலிகப் பதிவு எடுத்திருந்தால் அது வேறு. ஆனால் அந்த நம்பரும் மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் பிரின்ட் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போவது செல்லாது. சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து டீலர்களுக்கானது. அதை மாட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போய்ச் சேருங்க சார்" என்று அனுப்பினால் வாங்காதீர்கள்.

நம்பர் வந்துவிட்டது, ஒரிஜினல் பிளேட் வரும்வரை ஸ்டிக்கர் கடையில் அடித்து மாட்டிக்கொள்ளலாமா? (நாமக்கல்)

கூடாது. பாதிப் பேர் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் இப்போது விதிப்படியான பிளேட் என்றால் அது அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், நீல நிறத்தில் நாட்டுக் குறி, லேசர் எண், பின்பக்கம் ஒரு தடவை பூட்டினால் உடைத்துத்தான் கழற்ற முடியும் என்கிற பூட்டு, இத்தனையும் சேர்ந்தது. கடையில் அடிப்பது அதன் நகல்கூட இல்லை. நம்பராவது சரியாக இருக்கிறதே என்று சில காவலர்கள் விட்டுவிடலாம். அதை உரிமையாக நினைக்க வேண்டாம்.

டெம்பரவரி நம்பர் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. நிரந்தர நம்பர் இன்னும் வரவில்லை. கார் இன்சூரன்ஸில் இருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்கிறார் என் மைத்துனர். சரியா? (திருநெல்வேலி)

மைத்துனரை இந்தப் பதிலை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

2011இல் ராஜஸ்தானில் நடந்தது இது. ஒருவர் புது பொலிரோ வாங்கினார். தற்காலிகப் பதிவு ஜூலை 19ஆம் தேதியோடு முடிந்தது. அப்போதெல்லாம் அதற்கு ஆயுள் ஒரே மாதம். ஜூலை 28ஆம் தேதி ஜோத்பூருக்குப் போய் ஒரு விருந்தினர் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினார். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி இல்லை. பாலிசி உயிரோடுதான் இருந்தது. வழக்கு பத்து வருடம் ஏறி இறங்கி, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டது. திருடு போனதற்கும் நம்பர் இல்லாததற்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றும். நீதிமன்றம் பார்த்தது வேறு: பதிவில்லாத வண்டியை ரோட்டில் எடுத்ததே பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது. இதற்கு முன்னால், 2014இல், தற்காலிகப் பதிவு முடிந்து சுமார் மூன்று வாரத்தில் விபத்தான ஒரு வண்டிக்கும் இதே முடிவுதான். இரண்டிலுமே நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பித்ததாகவோ கெடு நீட்டிப்புக் கேட்டதாகவோ காட்ட ஒரு காகிதமும் இல்லை.

ஆகவே நீங்கள் இன்றைக்குச் செய்ய வேண்டியது: காரை வீட்டில் நிறுத்துங்கள். ரோட்டோரத்தில் வேண்டாம், காம்பவுண்டுக்குள். விண்ணப்பம் போட்டதற்கான ரசீதை ஷோரூமிலிருந்து வாங்கி வையுங்கள். தாமதம் அவர்களுடையது என்று மின்னஞ்சலில் எழுதிப் பதில் கேளுங்கள். வாட்ஸப்பில் வரும் "நாளைக்கு வந்துடும் சார்" என்பதைக்கூட அழிக்காதீர்கள்.

இன்னொன்று. புது வண்டியின் பாலிசியில் பதிவெண் இருக்கவேண்டிய இடத்தில் 'புதிது' என்று மட்டும் இருக்கும். நம்பர் வந்ததும் அதைச் சேர்க்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். காருக்கு மூன்று வருடம், டூவீலருக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்துக் கட்டிவிடுவதால் பலர் அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்தே பார்ப்பதில்லை.

நான் ஓசூர். கார் பெங்களூரில் எடுத்தேன். தற்காலிகப் பதிவு ஆறு மாதம் என்று போட்டிருக்கிறதே, மெதுவாகச் செய்துகொள்ளலாமா?

ஆறு மாதம் என்பது சரிதான். 2021க்குப் பிறகு அப்படி ஆகிவிட்டது. ஆனால் மெதுவாக வேண்டாம். வெளிமாநிலத்தில் வாங்கியதால் இங்கே பதிவு செய்யும் வேலை டீலருடையது இல்லை, உங்களுடையது. தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைக் கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து 18 சதவீதம். பெங்களூரில் கிடைத்த தள்ளுபடி இதில் கரைந்துவிடவில்லையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்பர் வந்த பிறகு தகட்டை எந்த டீலர் மாட்டித் தருவார் என்பதையும் இப்போதே பெங்களூர் ஷோரூமிடம் எழுத்தில் வாங்குங்கள். கடைசியில் நிற்பது அங்கேதான்.

என் பிறந்த தேதிக்குக் கூட்டுத்தொகை 5 வரவேண்டும், 8 வரவே கூடாது. ஷோரூமில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வாரமாக "இன்னும் சீரிஸ் வரலை" என்கிறார்கள். (ஈரோடு)

சார், இந்தத் தாமதம் நீங்களே வாங்கிய தாமதம். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. எங்கள் வீட்டிலும் 8 என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஷோரூம் பையனிடம் சொல்லி வைத்தால் வேலை நடக்காது. பிடித்த நம்பருக்குத் தனியாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் கோப்பைச் சும்மா ஓரமாக வைத்திருப்பார்கள். ஒன்று முறைப்படி கட்டி எடுங்கள், அல்லது வருகிற நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 5க்காகக் காத்திருக்கும் வண்டியை அதுவரை ஓட்டாதீர்கள்; மேலே திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

பிளேட் மாட்டியாகிவிட்டது, ஆர்.சி. மட்டும் வரவில்லை. நேரில் போனாலும் தரமாட்டேன் என்கிறார்கள். (சென்னை, கே.கே. நகர்)

தரமாட்டார்கள்தான். 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் லைசென்ஸும் ஸ்பீடு போஸ்ட்டில் மட்டுமே வரும். வீடு பூட்டியிருந்தோ முகவரி தப்பாக இருந்தோ தபால் திரும்பினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய்விடும். லேசர் குறியீட்டை ஷோரூம் வாஹனில் ஏற்றிவிட்டதா என்றும் கேளுங்கள். பிளேட்டை மாட்டிவிட்டு இந்தக் கடைசி வேலையை மறப்பது அவர்களுக்குப் பழக்கம். அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ ஆர்.சி. தெரிந்தால் அதையே காட்டலாம். அதுவும் அசலுக்குச் சமம்.

சுங்கச்சாவடிக்கான பாஸ்டேக் இன்னும் சேஸிஸ் நம்பரில்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா? (விழுப்புரம்)

வரும். வண்டி வாங்கிய 90 நாளுக்குள் பதிவெண்ணைச் சேர்க்க வேண்டும். நம்பர் வந்த அன்றைக்கே வங்கிச் செயலியில் ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. மூன்று மாதம் ஆகிறது. யாரிடம்தான் புகார் கொடுப்பது? (வேலூர்)

அம்மா, இந்த வரிசையில் போங்கள். முதலில் ஷோரூம் மேலாளருக்கு எழுத்தில். ஏழு நாள் கெடு வையுங்கள். அதன் நகல் வண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு. பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிதத்துக்குத்தான் ஷோரூம் அசையும், ஏனென்றால் டீலர்ஷிப் அங்கேதான் இருக்கிறது. அசையாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு மனு கொடுங்கள். டீலர் பதிவு விண்ணப்பம் போடவே இல்லையென்றால், ஆண்டு வரியைப் போல 15 மடங்கு அல்லது வாழ்நாள் வரி, எது அதிகமோ அது டீலருக்கு அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 192பி பிரிவில் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிப்படவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. உங்களுடையது டூவீலர் என்பதால் ஒரு ரூபாய் செலவில்லை. வக்கீல் கட்டாயமில்லை. வண்டி ஓடாமல் நின்ற நாட்களில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைத்திருந்தால் அதையும் கேட்கலாம்.

புது பிளேட் மாட்டிய அன்றைக்கே பூசை போட்டுச் சந்தனம் குங்குமம் பூசினோம். ஒரு எண் மறைந்ததற்கு 500 ரூபாய் இ-சலான் வந்திருக்கிறது! (கும்பகோணம்)

கட்டிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, அடுத்த தடவை பொட்டை ஹெட்லைட்டுக்கு மேலே வையுங்கள்.