பத்துக்கு ஒன்பது: குத்துச்சண்டைத் தீர்ப்புகள் பற்றி

கேள்வி: 1999-இல் நடந்த லெனாக்ஸ் லூயிஸ் - ஹோலிஃபீல்ட் சண்டையின் பதிவை முழுதாகப் பார்த்தேன். அடித்ததெல்லாம் லூயிஸ்தான். ஆனால் ‘டிரா’ என்று அறிவித்துவிட்டார்கள். எந்தக் கணக்கில்?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: மார்ச் 13, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். லூயிஸ் 348 குத்துகள் இறக்கினார், ஹோலிஃபீல்ட் 130 என்றது கம்ப்யூபாக்ஸ் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு டிவி நேயர்களுக்கானது. ஆளுக்கொரு வீரரைக் கவனித்து இருவர் பொத்தான் அழுத்தி எண்ணுவது அது. நடுவர்கள் கைக்கு அது வராது.

நடுவர்கள் மூவரும் ரிங்கின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்து, சுற்றுக்குச் சுற்று தனித்தனியாகப் புள்ளி போடுவார்கள். சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தால் பெரும்பாலும் 10-8. நூலிழையில் வென்றாலும் 10-9தான். விழவைக்காமல் விளாசித் தள்ளினாலும் அநேகமாக 10-9தான். ஆகவே ஐந்து சுற்றில் எதிரியைத் துவைத்து எடுத்தவர், மீதி ஏழு சுற்றையும் சிறு வித்தியாசத்தில் விட்டால் 113-115 என்று தோற்றுப்போவார். மொத்தக் குத்துகளில் முந்தியவர் நியாயமாகவே தோற்கக்கூடும்.

ஆனால் இந்தச் சமாதானம் 1999 தீர்ப்புக்குப் பொருந்தாது. ஒரு நடுவர் லூயிஸுக்கு 116-113, இன்னொருவர் 115-115, மூன்றாமவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113. ஐந்தாவது சுற்றை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். லூயிஸ் ஹோலிஃபீல்டைக் கயிற்றோரம் ஒதுக்கி அடி அடியென்று அடிக்கிறார். மூன்றாம் நடுவரின் புள்ளி அட்டையில் அந்தச் சுற்றும் ஹோலிஃபீல்டுக்கே போயிருக்கிறது. அதை எந்த விதியாலும் நியாயப்படுத்த முடியாது. அதே ஆண்டு நவம்பரில் மறுபடி மோதினார்கள். மூன்று நடுவர்களும் லூயிஸ் பக்கம் நின்றார்கள்.

அட்டையைப் படிக்க ஒரு வழி: 12 சுற்றுச் சண்டையில் சுற்றுக்கு 19 புள்ளி, ஆக 228. இரண்டு வீரர்களின் புள்ளியையும் கூட்டுங்கள். 115-115 என்றால் 230. அதாவது இரண்டு சுற்றுகளுக்கு அவர் 10-10 போட்டிருக்கிறார். 228-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் யாரோ விழுந்திருக்கிறார், அல்லது ரெஃப்ரி (ரிங்கிற்குள் நின்று சண்டையை நடத்துபவர்) புள்ளி குறைத்திருக்கிறார். 2022-இல் கிளாஸ்கோவில் ஜோஷ் டெய்லர் - ஜாக் கேட்டரால் சண்டையின் மூன்று அட்டைகளும் 225. டெய்லர் எட்டாவது சுற்றில் விழுந்தார். பிறகு இருவருக்கும் ஒவ்வொரு புள்ளி குறைக்கப்பட்டது. டெய்லருக்கு 114-111 போட்ட நடுவரை பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் ஒரு படி கீழே இறக்கியது. டெய்லர் வென்றார் என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

கேள்வி: மூன்று பேரும் ஒரே சண்டையைத்தானே பார்க்கிறார்கள்? அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- மதுரை வாசகி

பதில்: ஒரே சண்டைதான், மூன்று கோணம். ரெஃப்ரியின் முதுகு குறுக்கே வரும். கையுறை முழங்கையில் பட்டதா விலாவில் பட்டதா என்பது எதிர்ப்பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும், கூட்டம் கத்தும். சுத்தமாக விழும் குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு என்று நான்கையும் பார்க்க வேண்டும். முன்னேறி வருவது மட்டும் தாக்குதல் ஆகாது. வந்தவர் அடிக்கவும் வேண்டும். இதில்தான் நடுவர்கள் பிரிகிறார்கள்.

இரண்டு மூன்று சுற்று வித்தியாசத்தை இப்படி ஏற்கலாம். 2017-இல் கனேலோ - கொலோவ்கின் சண்டையில் ஒருவர் கொலோவ்கினுக்கு 115-113, அதாவது ஏழு சுற்று கொடுத்தார். இன்னொருவர் கனேலோவுக்கு 118-110. கொலோவ்கினுக்கு இரண்டே சுற்று. உட்கார்ந்த இடத்தால் ஐந்து சுற்று தொலைந்துபோகாது. மூன்றாமவர் 114-114 போட, அதுவும் டிராவில் முடிந்தது. அந்த 118-110 நினைத்தாலே வயிறு எரிகிறது.

கேள்வி: மேல்முறையீடு செய்ய முடியாதா?
- சேலம் வாசகர்

பதில்: சதி நடந்தது நிரூபணமானால், புள்ளியைக் கூட்டுவதில் தப்பு நேர்ந்தால், ரெஃப்ரி விதியைத் தவறாகப் பிரயோகித்தால் மாற்றலாம். ‘நடுவர் தப்பாகப் பார்த்தார்’ என்பது காரணமாகாது. 2012-இல் பாக்கியாவ் - பிராட்லி தீர்ப்பை உலக குத்துச்சண்டை அமைப்பான டபிள்யூ.பி.ஓ. ஐந்து நடுவர்களை வைத்து மறுபடி பார்த்தது. ஐவரும் பாக்கியாவுக்கே போட்டார்கள். ஆனாலும் பதிவேட்டில் வென்றவர் பிராட்லிதான்.

கேள்வி: வீட்டிலேயே சரியாகப் புள்ளி போடுவது எப்படி?
- நாகர்கோவில் வாசகர்

பதில்: முதலில் சத்தத்தை அடைத்துவிடுங்கள், வர்ணனையாளர் உங்கள் பேனாவைப் பிடித்து எழுதிவிடுவார். மணி அடித்ததும், அந்த ஒரு நிமிட இடைவேளைக்குள் எழுதிவிடுங்கள். எழுதியதைத் திருத்தாதீர்கள், நடுவர்களும் சுற்று முடிந்ததும் அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கும் போகலாம் என்று தோன்றும் சுற்றின் பக்கத்தில் ஒரு புள்ளிக்குறி வையுங்கள். கடைசியில் அந்தச் சுற்றுகளை எல்லாம் தோற்றதாகச் சொல்லப்படுபவருக்கே போட்டுக் கூட்டுங்கள், பிறகு மற்றவருக்குப் போட்டுக் கூட்டுங்கள். வெற்றி கைமாறினால் அது நெருக்கமான சண்டை. நடுவரைத் திட்ட வேண்டாம். குறி வைத்த சுற்றுகள் எல்லாவற்றையும், வென்றதாக அறிவிக்கப்பட்டவருக்கே போட்டும் அவர் பின்தங்கினால், அநியாயத் தீர்ப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.