ஊர் வாடையை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 24. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா கோயிலில் தவில் வாசித்தவர். நான் சென்னையில் நண்பர்களோடு ஒரு இசைக்குழுவில் இருக்கிறேன். பாட்டெழுதி மெட்டுப் போடுவதும் கீபோர்டு வாசிப்பதும் என் வேலை. "நீ எதைப் போட்டாலும் சாமி புறப்பாடு மாதிரியே இருக்கு, பல்லவி வர்றதுக்கே ரெண்டு நிமிஷம் ஆகுது" என்கிறார்கள். ஊர் வாடை போனால்தான் முன்னுக்கு வர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, 'சாமி புறப்பாடு' என்றதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கிறது. எனக்கோ, உங்கள் நண்பர்களுக்கு நல்ல காது என்று தோன்றியது.

புறப்பாட்டில் என்ன நடக்கிறது? சுவாமி வெளியே வரும்போது நாயனத்தில், அதாவது நாகஸ்வரத்தில், மல்லாரி வாசிப்பார்கள்; பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில். அதற்குப் பாட்டு வரிகளே கிடையாது. வீதிக்கு வந்ததும் ராகம். அந்தக் காலத்தில் நான்கு வீதியும் சுற்றிச் சுவாமி திரும்ப விடிந்துவிடும். அதுவரை நாயனம் நிற்கக் கூடாது. மைக் இல்லை, மேடை இல்லை. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கிற வாசிப்பை வளர்த்தது அந்தத் தெருவும் அந்த இரவும்தான்.

வாத்தியத்தையே பாருங்கள். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கை என்ற நாணலில்தான் சீவாளி, அதாவது நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற பகுதி, செய்கிறார்கள். அதற்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. ஆச்சா மரத்தில் நாயனம் கடைகிற நரசிங்கம்பேட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம். முன்பு வழக்கிலிருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு (1898–1956) ஆற அமர ராகம் வாசிக்கச் சுருதி இறங்க வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். வாசிக்கிறவரும் கடைகிறவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்ததால் ஆன காரியம் இது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் இன்றும் பதிவில் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

ஆனால் ஊரே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் 1762-க்கும் 1776-க்கும் இடையில் திருவாரூரில் பிறந்தவர்கள். மூன்று பேர் பாட்டும் ஒன்றுபோலவா இருக்கிறது? தீட்சிதர் திருவாரூர்க் கமலாம்பாள் மேல் நவாவரணக் கீர்த்தனைகளை அவ்வளவு நிதானமாகச் செய்தார். அவரேதான் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் வரிகள் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான். புது ஊரின் சத்தத்துக்குக் காதைத் திறந்தார். அதற்காகக் கமலாம்பாளை விடவில்லை.

இனி அந்த இரண்டு நிமிஷத்துக்கு வருகிறேன். அங்கே நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ராகம் ஓரடியாவது முன்னே போகிறதா, அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறதா? நின்றால் வெட்டுங்கள், மனசு கேட்காவிட்டாலும் வெட்டுங்கள். நகர்ந்தால் நண்பர்களோடு மல்லுக்கட்டியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பாட்டு என்று காட்டுவதற்காக வரிக்கு வரி காவிரி, வயல், நாற்று என்று அடுக்கவும் வேண்டாம். அதை ஊரைப் பார்க்காதவர்களும் எழுதிவிடுவார்கள். ஊரில் வளர்ந்த காதுக்கு மட்டும் தெரிகிற சங்கதி ஒன்று உண்டு. சிறுவயதில் திண்ணையில் படுத்துக்கொண்டு புறப்பாட்டைக் கேட்டிருக்கிறேன். சுவாமி மேல வீதியில் இருக்கும்போது தவிலின் தொப்பி, அதாவது குச்சியால் அடிக்கிற கனத்த ஓசைப் பக்கம், மட்டும் தும், தும் என்று சுவர் வழியாக வரும். நாயனம் கேட்காது. வடக்கு வீதி முனை திரும்பியதும் மொத்த ராகமும் திடீரென்று முகத்தில் வந்து மோதும். அதுவரை அது என்ன ராகம் என்றுகூடத் தெரியாது. உங்கள் பல்லவியும் அப்படித் திரும்பி வரட்டுமே. டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் தூரத்தில் கேட்கிற மாதிரி வைத்துத் தொடங்குங்கள், கீபோர்டு வாய் திறக்க வேண்டாம். நாற்பது விநாடியில் முனை திரும்பட்டும். இரண்டு நிமிஷம் தேவைப்படாது, புறப்பாடும் போகாது.

தாத்தா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்த மாதமே ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். தவிலைத் தூக்க முடியாத வயதானாலும் சொற்கட்டு, அதாவது தவில் அடிகளை வாயால் சொல்கிற சொற்கள், வாயில் இருக்கும். தாளம் போட்டபடி சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டு வந்து, அதை உங்கள் டிரம்மரிடம் போட்டுக் காட்டுங்கள்.