பாதி வழியில் கரையேறியது பிழையா?

கேள்வி: 2022 செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் யாரவொங்காவிலிருந்து கடல்வரை தனியாகக் கயாக்கில் செல்லப் புறப்பட்டேன். இரண்டு ஆண்டுகள் அதற்காக ஆயத்தம் செய்திருந்தேன். ஏறத்தாழ 280 கிலோமீட்டர் கடந்து எச்சூக்காவை அடைந்தபோது வெள்ள எச்சரிக்கை வந்ததால், பயணத்தைக் கைவிட்டுக் கரையேறினேன். அந்த வெள்ளத்தின் உச்சம் மிக மெதுவாகவே கீழே நகர்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் சென்றிருந்தால் அதை முந்தியிருப்பேனே என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது. ஊரில் இருக்கும் அண்ணனோ, "தண்ணீர் கூடினால் துடுப்பே போடாமல் போயிருக்கலாமேடா" என்கிறார். அவசரப்பட்டுவிட்டேனா? (ஒரு வாசகர், மெல்போர்ன்)

பதில்: இல்லை. நீங்கள் போட்ட கணக்கு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் சரியில்லை. எச்சூக்காவில் அக்டோபர் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்ட வெள்ளம், ஆற்று வழியில் சுமார் 1,100 கிலோமீட்டர் கீழே உள்ள ரென்மார்க்கில் உச்சத்தை எட்ட டிசம்பர் பிற்பகுதி ஆகிவிட்டது. அதாவது நாளுக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. எச்சூக்காவிலிருந்து கடலுக்கு இன்னும் 1,700 கிலோமீட்டர் இருக்க, நிலத்தின் சரிவோ கிலோமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. பள்ளம் தேடி ஓட வழியில்லாத நீர் பக்கவாட்டில் பரவித் தேங்கியே நகர்கிறது.

ஆனால் உச்சம் என்பது வெள்ளத்தின் உயர்ந்த புள்ளி மட்டுமே. அதை முந்திவிட்டால் முன்னால் வெள்ளமில்லாத ஆறு காத்திருக்கும் என்று பொருளல்ல. அது, பசிபிக் கடலின் வெப்பநிலை மாறி ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கூட்டும் லா நினா தொடர்ந்து நீடித்த மூன்றாவது ஆண்டு. நிலம் ஊறிப்போயிருந்தது, அணைகள் நிரம்பியிருந்தன. எச்சூக்கா அருகே கலக்கும் கோல்பர்ன், காம்பாஸ்பி ஆகியவற்றோடு, கீழே வந்து சேரும் மர்ரம்பிட்ஜி, டார்லிங் ஆறுகளும் அதே பருவத்தில் பெருக்கெடுத்தன. ஓர் உச்சத்தை விட்டு விலகி, கரை தாண்டிய இன்னொரு நீர்ப்பரப்புக்குள்தான் நீங்கள் நுழைந்திருப்பீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வது கரைகளுக்குள் அடங்கி ஓடும் ஆற்றுக்குப் பொருந்தும். மர்ரேயில் நீர் உயர்ந்தால் ஆறு செங்கோந்து யூகலிப்டஸ் காடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. எச்சூக்காவுக்கு மேலே பார்மா காட்டைக் கடந்து வந்த உங்களுக்கு அதன் தொடக்கம் கண்ணில் பட்டிருக்கும்: எது ஆறு, எது கிளை வாய்க்கால், எது காட்டுக்குள் வழியும் நீர் என்று பிரித்தறிய முடியாது. துடுப்புப் போடாமல் நீரோட்டத்தை நம்பிப் போகிறவரை அது மரங்களுக்கிடையே கொண்டுபோய்விடும். அங்கே நீர் கிளைகளின் ஊடே வடிந்துபோகும். படகும் ஆளும் வடிகட்டியில் சிக்கிய இலைபோல அதில் அழுந்தி நிற்க வேண்டியதுதான். நீர் பார்வைக்கு மெதுவாகத் தோன்றினாலும் அந்த அழுத்தத்தை ஒருவர் தனியாக எதிர்த்து மீள்வது மிகக் கடினம். கைகொடுக்க இன்னொரு படகு இல்லாத பயணத்தில் நான் எதைவிடவும் அஞ்சுவது இதைத்தான். கரை அரிக்கப்பட்டு வேரோடு சாயும் பெருமரங்களையும், நீருக்கடியில் மறைந்துபோகும் வேலிக் கம்பிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவு எங்கே தங்கியிருப்பீர்கள்? கூடாரம் போடும் மணல்திட்டுகள் எல்லாம் மூழ்கிவிடும். மிஞ்சும் மேட்டுநிலத்துக்குப் பாம்புகளும் வந்து சேரும். சாக்கடையும் அழுகிய இலைச்சருகும் கலந்த நீரைக் காய்ச்சினாலும் குடிக்கத் தயக்கமாக இருக்கும். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்தப் பகுதியில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கரையேறிய அதே எச்சூக்காவில், சில நாள்களில் மக்கள் மணல் மூட்டைகளை அடுக்கி ஊருக்குக் குறுக்கே மண்கரை எழுப்பினார்கள். அந்தக் கரைக்கு அப்பால் விடப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள், தங்கள் வீடு ஆற்றின் பக்கம் ஆகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாள்களில் மீட்புப் படகு ஒவ்வொன்றும் அவர்களுக்கே தேவைப்பட்டது. விருப்பத்துக்காகத் துடுப்புப் போட்ட ஒருவரைத் தேடி அவற்றில் ஒன்று போகவேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்கவில்லை. அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். தொடர்ந்து போயிருந்தாலும் கடலைத் தொட்டிருப்பீர்களா என்பது ஐயமே. நவம்பர் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலிய அரசு தன் எல்லைக்குள் மர்ரேயில் அவசியமற்ற படகோட்டத்துக்குத் தடை விதித்தது.

இரண்டு ஆண்டு உழைப்பு பாதியில் நின்ற வலி எனக்குப் புரிகிறது. ஆனால் 2,508 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றை ஒரே மூச்சில்தான் கடக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பகுதி பகுதியாகப் பல ஆண்டுகளில் முடிப்பவர்களும் உண்டு. அங்கே இலையுதிர் காலமான மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் தணிந்திருக்கும், மணல்திட்டுகளும் வெளியே தெரியும். கழிமுகத்திலிருந்து உள்ள தூரத்தைக் காட்டும் பலகைகள் கரையோர மரங்களில் இருக்கின்றன அல்லவா? எச்சூக்காவில் கடைசியாகக் கண்ட பலகையின் எண் உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், அங்கிருந்தே தொடங்குங்கள். புறப்படுவதற்கு முன் எச்சூக்கா, டொரம்பரி, ஸ்வான் ஹில் மூன்றிடங்களின் நீர்மட்டத்தையும் ஒரு வாரமாவது தினமும் எழுதி வாருங்கள். மூன்றும் ஏறிக்கொண்டே போனால் இன்னொரு மாதம் பொறுத்திருங்கள்.